நீச்சல் தெரியும் என்று சொன்ன ஒன்பது பேர்: தொண்டுக்குப் போகும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான்கு நாள் வேலை செய்தேன். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். நீச்சல் தெரியும் என்று கை தூக்கியவர்கள் ஒன்பது பேர். உண்மையிலேயே தெரிந்தவர்கள் மூன்று பேர். மீதி ஆறு பேரை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் மூழ்குவதைப் பார்த்ததும் குதிப்பதுதான் தொண்டர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. மூழ்குபவர் கையில் அகப்பட்டதைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பிறகு தேட வேண்டியது இரண்டு பேரை. மீட்புப் பயிற்சியில் வரிசை ஒன்று உண்டு. முதலில் கரையில் இருந்தபடியே கம்போ துண்டோ நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை எறிய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் படகு. நீரில் இறங்குவது கடைசி, அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இறுக்கி மூடி, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டினால் எறிவதற்கு ஆயிற்று. தண்ணீர் விடுவது எதற்கென்றால், வெறும் கேன் காற்றில் அலைந்து வேறு பக்கம் போய் விழும்.

தெருவில் தேங்கிய நீரும் லேசுப்பட்டதல்ல. அறுந்து கிடக்கும் கம்பி, மின்பெட்டி, மூடி போன பாதாளச் சாக்கடை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கையில் நீளமான கம்பு இல்லாமல், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்யாமல் நடக்கக் கூடாது. காலில் புண் இருந்தால் அதன் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். அன்றைக்கு அவர் முகாமில் உட்கார்ந்து கணக்கு எழுதட்டும்.

இதையெல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் இருக்கிறது. பயிற்சி பன்னிரண்டு நாள். 2021-க்குப் பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்ற இலக்கோடு விரிவாக்கப்பட்டது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஞாபகம் வருவது செய்தியில் புயல் சின்னம் தெரிந்த பிறகுதான்.

நாட்டுப் பாதுகாப்பு என்றாலே எல்லையும் துப்பாக்கியும் என்று நினைப்பது அடுத்த தவறு. 2025 மே 7 அன்று போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடத்த நாடு முழுவதும் 244 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நம் பக்கம் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. சைரன், விளக்கணைப்பு, மக்களை வெளியேற்றுவது எல்லாம் ஒத்திகைத் திட்டத்தில் இருந்தன. யாரை அழைத்தார்கள் தெரியுமா? ஊர்க்காவல் படை, என்சிசி, என்எஸ்எஸ் என்ற நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரி மாணவர்கள். 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய என்எஸ்எஸ்ஸில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பலருக்கு அது சான்றிதழுக்கான கணக்கு. துடைப்பத்தோடு போட்டோ எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் என்று பதிவேட்டில் எழுதுவதை நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன்? அந்த நேரத்தில் முதலுதவியாவது கற்றிருக்கலாம்.

நிவாரணம் கொடுப்பதில் நடக்கும் சொதப்பல் வேறு வகை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன, யாரும் தொடவில்லை. எங்கள் முகாமிலும் ஒரே நாளில் மூன்று வேன் ரொட்டி வந்து இறங்கியது. மெயின் ரோட்டில் இருந்ததால் எல்லா வண்டியும் எங்களிடமே நின்றது. பின்தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. அன்று மாலை ஒரு அக்கா என்னிடம் வந்து, ஏதோ கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பிப் போனார். எங்கள் குழுவில் இருந்த பெண் பின்னாலேயே போய் விசாரித்தாள். வேண்டியிருந்தது நாப்கின். அது வரைக்கும் எங்கள் பட்டியலில் அந்தச் சொல்லே இல்லை. முதலில் கேளுங்கள், அப்புறம் வசூல் செய்யுங்கள்.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஏரி உடைந்துவிட்டது" என்று வருவதை 1077-ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் விசாரிக்காமல் பரப்பாதீர்கள். படைகள் நகர்வதைப் படம் பிடித்துப் போடவே கூடாது. 2025 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் ஊடகங்களிடம் மட்டுமல்ல, தனிநபர்களிடமும் இதைக் கேட்டுக்கொண்டது.

தொப்பியும் அடையாள அட்டையும் கிடைத்ததும் அதிகாரமும் வந்துவிட்டதாக நினைப்பது எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள் குழு' மக்களுக்கும் போலீஸுக்கும் பாலமாக இருக்கத்தான் உருவானது. தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த 2020 சாத்தான்குளம் சம்பவத்தில் அதன் பெயரும் அடிபட்டது. தங்களுக்குத் தொடர்பில்லை என்று குழு மறுத்தது. ஆனாலும் அந்த ஜூலையிலேயே தமிழக அரசு அதைத் தடை செய்தது. தன்னார்வலருக்கு வண்டியை மறிக்கவோ, பையைச் சோதிக்கவோ, யாரையும் விசாரிக்கவோ உரிமை கிடையாது. சந்தேகமாக எதையாவது பார்த்தால் 112-ஐ அழைக்கலாம். வேலை அத்தோடு சரி.

இப்போது எங்கள் தெருவில் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாற்பது பக்க நோட்டோடு வீடு வீடாகப் போகிறோம். தரைத்தளத்தில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் வீட்டில் மாடிச் சாவி இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறோம். போன வருடம் புதிதாக ஒரு பத்தி சேர்த்தோம்: நீச்சல் தெரியுமா. குளத்தில் நீந்திக் காட்டினால்தான் டிக்.