உங்கள் பதிவு காதில் எப்படி விழுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றவர்கள் முகநூலையும் எக்ஸ் தளத்தையும் பெரும்பாலும் திரைவாசிப்பான் (திரையிலுள்ளதைக் குரலாக வாசிக்கும் செயலி) வழியாகத்தான் படிக்கிறார்கள். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், கணினியில் என்விடிஏ அல்லது ஜாஸ். இந்தச் செயலிகள் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் குரல் எழுப்புகின்றன. இது தெரியாமல் செய்யும் தவறுகளே அதிகம். ஆங்கிலத்தில் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் செய்யும் பிழைகளுக்கு அங்கே விடை கிடைக்காது.

முதலில் அலங்கார ஆங்கில எழுத்துகள். இன்ஸ்டாகிராம், லிங்க்டுஇன் பதிவுகளில் தடித்த எழுத்துக்கான பொத்தான் இல்லாததால், கடைப் பெயரையும் தங்கள் பெயரையும் ஏதாவது ஓர் இணையதளத்தில் கொடுத்து, தடித்ததாகவும் சாய்ந்ததாகவும் மாற்றி ஒட்டுகிறார்கள். அவை எழுத்துருக்களே அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக 2001இல் யுனிகோடு 3.1இல் சேர்க்கப்பட்ட குறியீடுகள். திரைவாசிப்பான் அவற்றை ‘கணிதத் தடித்த பெரிய எழுத்து’ என்று ஒவ்வொன்றாக வாசிக்கலாம். சில அமைப்புகளில் வாசிக்காமலே தாண்டிவிடும். என்விடிஏ 2024.3 பதிப்பில் இவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் எல்லோரிடமும் அந்தப் பதிப்பு இருக்கும் என்று நம்பி எழுதக் கூடாது. வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லையே தேவையில்லை. சொல்லின் முதல் எழுத்துக்கு முன்னும் கடைசி எழுத்துக்குப் பின்னும் இடைவெளி விடாமல் * போட்டால் சொல் தடித்துத் தெரியும், எழுத்தும் எழுத்தாகவே இருக்கும்.

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல் ஔகாரம். ‘ஔவையார்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவையார்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. காதிலோ ‘ஒ-ள-வையார்’ என்று விழும். இப்படித்தான் ‘மௌனம்’ ‘மெளனம்’ ஆகிறது, ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகிறது. கைபேசி விசைப்பலகையில் ஔ தனி எழுத்தாகவே இருக்கிறது. ஒரு நொடி தேடி அடித்தால் போதும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் இன்னொன்றைப் பார்க்கலாம்: ‘அவர்’ என்பதில் ரகர மெய்க்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து ‘அவா்’ என்றிருக்கும். கண் அதை மன்னித்துவிடுகிறது. குரல்பொறிக்கு அப்படி ஓர் எழுத்தே தமிழில் கிடையாது. இந்த இரு பிழைகளும் தேடலையும் கெடுக்கும்: ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்கு உங்கள் பதிவு சிக்காமலே போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம். அது உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். யுனிகோடுக்கு மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும்.

சமீப காலத்தில் பரவிவிட்ட வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தளம் பதிவை முடக்கிவிடும் என்ற அச்சத்தில் ‘கொ.லை’, ‘ர*த்தம்’ என்று சொற்களுக்கு நடுவே புள்ளியும் நட்சத்திரமும் வைக்கிறார்கள். படிக்கிறவர் கண்ணால் இட்டு நிரப்பிக்கொள்கிறார். கேட்கிறவருக்குச் சொல் இரண்டாக உடைந்து பொருளே போய்விடுகிறது. அச்சம் புரிகிறது, ஆனாலும் செய்தியின் மையச் சொல்லையே உடைத்தால் பார்வையற்ற வாசகரிடம் அந்தச் செய்தி போய்ச் சேராது. வேறு சொல்லால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதும் இதே கதைதான். ஆங்கிலக் குரல் அதை ஆங்கிலச் சொல்லாக எண்ணி உச்சரிக்கும். நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் பரவாயில்லை, பொது அறிவிப்பில் வேண்டாம்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது, செய்தி முழுவதையும் படமாகப் போடுவது. வேலைவாய்ப்பு அறிவிப்பு, கல்வி உதவித்தொகைக்கான கடைசித் தேதி, ‘இரத்தம் தேவை’ என்ற வேண்டுகோள், இரங்கல் செய்தி எல்லாமே வண்ணப் படமாக வருகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணிகளில் அவர்களுக்குக் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். அந்த இடத்துக்கான அறிவிப்பையே அவர்கள் படிக்க முடியாத படமாகப் பகிர்வது எவ்வளவு பெரிய அநீதி! எக்ஸ், முகநூல், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் விவரிப்பு, எழுத இடம் உண்டு. எக்ஸில் 1000 எழுத்துகள் வரை எழுதலாம். முகநூல் தானாகவே ஒரு விவரிப்பைச் சேர்க்கும் என்றாலும், படத்திலுள்ள தமிழை அது சரியாகப் படித்துவிடும் என்று விட்டுவிட முடியாது. வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். தேதி, இடம், தொலைபேசி எண் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். எண்ணை நகலெடுத்து உடனே அழைக்க எல்லோருக்குமே அது உதவும். மாற்று உரையில் ‘அழகான படம்’ என்று எழுதுவதால் பயனில்லை. படத்தில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

எமோஜிகளில் சிறு கவனம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பத்துப் பூக்களை வரிசையாக வைத்தால் அந்தப் பெயரைப் பத்து முறை கேட்க நேரலாம். ஒன்றோ இரண்டோ, அதுவும் வாக்கியத்தின் முடிவில் போதும். பத்திக்குப் பத்தி கோடு கிழிக்கக் குறியீடுகளை அடுக்குவதும், ‘மேலும் படிக்க’ வைப்பதற்காகப் புள்ளிகளைக் கீழே கீழே அடுக்குவதும் அப்படியே.

ஹேஷ்டேக்கில் ஆங்கிலமானால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் சொற்கள் பிரிந்து ஒலிக்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லை. எனவே அடிக்கோடுதான் வழி. #உலகத்தாய்மொழிநாள் என்பதைவிட #உலகத்_தாய்மொழி_நாள் நல்லது.

பதிவை வெளியிடும் முன் உங்கள் கைபேசியிலேயே கேட்டுப் பார்க்கலாம். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ இயக்குங்கள். இயக்கியதும் கைபேசியின் நடத்தை மாறும்: ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும். ஆகவே அதை அணைப்பது எப்படி என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல், உங்கள் கடைசிப் பதிவை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள்.