வீட்டுக்கு கேமரா மாட்டுறப்ப இந்த தப்ப பண்ணிடாதீங்க

போன மாசம் பாண்டில முத்தியால்பேட்டை அக்கா வீட்டுக்கு போயிருந்தேன், வாசல்ல ஒண்ணு ஹால்ல ஒண்ணுன்னு ரெண்டு வைஃபை கேமரா மாட்டி இருந்தாங்க. மாமா போன்ல ஆப்ப தொறந்து காட்டினாரு, செட்டிங்ஸ்ல போய் பாத்தா ஓனர்னு யாரோ ஒருத்தர் நம்பர் இருக்கு, மாமா நம்பர் அதுக்கு கீழ ஷேர்னு இருக்கு. யாருன்னு விசாரிச்சா மாட்டிட்டு போன பையன். அவன் தப்பானவன்னு சொல்ல வரல, அவசரத்துல அவன் அக்கவுண்ட்லயே செட் பண்ணிட்டான், ஆனா அக்கா மத்தியானம் ஹால்ல பாய போட்டு படுக்கறது வரைக்கும் ரெண்டு மாசமா அவன் நெனச்சா பாத்திருக்கலாம். கேட்டதும் அக்கா மொகமே மாறிடுச்சு.

அதனால யார் மாட்டினாலும் அக்கவுண்ட் உங்க போன்ல, உங்க நம்பர்ல நீங்களே ஓபன் பண்ணுங்க. ஏற்கனவே வேற ஆள் பேர்ல இருந்தா ரீசெட் பட்டன அமுக்கினா மட்டும் நெறைய மாடல்ல போகாது, அவங்க ஆப்ல இருந்து அவங்களே டெலீட் பண்ணணும், கூப்பிட்டு உங்க கண்ணு முன்னாடி பண்ண வைங்க. வைஃபை பாஸ்வேர்டும் அவங்களுக்கு தெரியும்ல, கையோட அதையும் மாத்திடுங்க.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய கேமரா, ரவுட்டர்லாம் கம்மி வெலைக்கு வாங்கறவங்களுக்கும் இதே சிக்கல் வரும், அதோட கம்பெனி அப்டேட்ட எப்பவோ நிறுத்தி இருக்கும்.

பெட்டில வந்த பாஸ்வேர்டையே விட்டு வைக்கறது அடுத்த பெரிய தப்பு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், அட்மின் 12345 மாதிரி கம்பெனி வெச்ச பாஸ்வேர்ட் ஒரு 60 சொச்சம் தான் கையில வெச்சிருந்துச்சு, அத போட்டு போட்டு பாத்தே லட்சக்கணக்குல கேமராவும் ரவுட்டரும் புடிச்சி, அத பரப்பினவங்க அதுங்க மூலமா ஒரே நேரத்துல இணையத்துல நெரிசல உண்டாக்கி அந்த அக்டோபர்ல அமெரிக்கால ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தொறக்கவே முடியாம பண்ணிட்டாங்க. வீட்டுக்காரங்களுக்கு அவங்க கேமரா அதுல இருந்ததே தெரியாது.

புதுசு வாங்கறப்ப வெலைய கேக்கறதுக்கு முன்னாடி எஸ்டிக்யூசி (மத்திய அரசோட சோதனை அமைப்பு) சான்று இருக்கான்னு கேளுங்க, 2025 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல விக்கற சிசிடிவி கேமராவுக்கு பாதுகாப்பு சோதனை கட்டாயம். கிளவுட் சந்தா (கம்பெனி சர்வர்ல வீடியோவ சேத்து வைக்க கட்டற காசு) இல்லாம மெமரி கார்டுல பதியுமா, எத்தன வருஷம் அப்டேட் குடுப்பாங்க, இதுக்கு கடைக்காரர் நேரா பதில் சொல்லலன்னா வேற கடைக்கு போங்க.

ஸ்மார்ட் டிவிலயும் நீங்க என்ன பாக்கறீங்கன்னு குறிச்சி அனுப்பற வசதி இருக்கும், பிரைவசி செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணுங்க.

ஹாலு, பெட்ரூம்ல கேமராவே வேணாம்ங்க. அக்கா அன்னிக்கே ஹால் கேமராவ கழட்டி மாடிப்படி பக்கம் மாட்ட சொல்லிட்டாங்க.