ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகத்தில் காடு வந்தால் எப்படிப் படிப்பது?

"எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்", "ஆஸ் யூ லைக் இட்" இந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுங்கள். காட்டுக் காட்சிக்கு நேராகத் தாவ வேண்டாம். முதல் அங்கத்தைப் படிக்கும்போதே, ஊரில் யார் சொல் செல்லுகிறது, யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள், காட்டுக்குப் பொருள் அங்கிருந்துதான் வருகிறது. ட்ரீமில் ஈஜியஸ் என்ற அப்பா, தான் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டாவிட்டால் மகள் ஹெர்மியா சாகட்டும் என்று ஏதென்ஸை ஆளும் தீசியஸிடம் வழக்குக் கொண்டுவருகிறார். தீசியஸ் கன்னிமாடம் என்று இன்னொரு வழி காட்டுகிறாரே தவிர, ஏதென்ஸின் சட்டத்தைத் தளர்த்த என்னால் முடியாது என்கிறார். இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் காடு. அந்தக் காலத்துப் பொது அரங்குகளில் நாடகம் பட்டப்பகலில் நடந்தது, மரம் வரைந்த திரைச்சீலை கிடையாது. ஆக, இருட்டும் இலையும் பனியும் நடிகர் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தச் சொற்களைத் தனியே பொறுக்கி எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம், ட்ரீமில் தச்சர் குவின்ஸ் தங்கள் நாடக ஒத்திகைக்குக் காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிவந்து, இந்தப் பசும்புல்தான் நம் மேடை, இந்த முட்புதர்தான் நாம் வேஷம் கட்டும் அறை என்று சொல்வது. உண்மையில் அவர் நிற்பது மரப்பலகை மேடை, பின்னால் இருப்பது நிஜமான ஒப்பனை அறை! மேடையைப் புல்லாக்கி, அந்தப் புல்லைத் திரும்பவும் மேடையாக்குகிறார். காடும் நாடகமேடையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, இரண்டிலும் ஒருவர் இன்னொருவராக மாறிப் பார்க்கலாம் என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

"ஆஸ் யூ லைக் இட்" படிக்கிறவர்கள் மூன்றாம் அங்கத்தில் நிதானியுங்கள். அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டு, ஆர்டன் என்ற காட்டில் ஆண் வேடத்தில் இருக்கும் ரோசலிண்ட் மணி என்ன என்று கேட்கிறாள், காட்டில் கடிகாரம் ஏது என்கிறான் அவள் விரும்பும் ஆர்லாண்டோ. அரண்மனையில் அவனைப் பார்த்துப் பேசக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். இங்கே காதலிப்பது எப்படி என்று அவனுக்கே பாடம் நடத்துகிற அளவுக்கு அவளுக்கு நேரம் இருக்கிறது.

ஆனால் காட்டைச் சொர்க்கமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள், பலர் தவறுகிற இடம் இதுதான். இடையன் கோரின் மேய்ப்பது இன்னொருவருடைய ஆடுகளை, அந்த முதலாளியோ கஞ்சன். நாடு கடத்தப்பட்ட பிரபு, அதாவது ரோசலிண்டின் அப்பா, குளிர்காற்றில் நடுங்குகிறார், பசிக்கு மானைக் கொல்லவும் வேண்டியிருக்கிறது, காட்டின் சொந்தக் குடிகளைக் கொல்கிறோமே என்று வருந்தவும் செய்கிறார். சரி, ஆர்டன் எங்கே இருக்கிறது? ஷேக்ஸ்பியரின் சொந்த வாரிக்‌ஷரில் அந்தப் பெயரில் ஒரு வனப்பகுதி உண்டு, அவருடைய அம்மாவின் குடும்பப் பெயரும் ஆர்டன்தான். நாடகத்து ஆர்டனிலோ பெண்சிங்கமும் பனைமர வகையும் இருக்கின்றன, அதனால் வரைபடத்தை மூடிவைத்துவிடுங்கள்.

கடைசியாக, யார் என்ன மாறினார்கள் என்று பாருங்கள். நீங்கள் அடிக்கோடிட்ட வரிக்கு இப்போது திரும்புங்கள். தளர்த்த முடியாது என்ற அதே தீசியஸ், நான்காம் அங்கத்தில், காட்டில் நின்றுகொண்டே ஈஜியஸின் பேச்சைத் தள்ளிவிட்டு ஹெர்மியாவை அவள் விரும்பிய லைசாண்டருக்கே கொடுக்கிறார். மாறாததையும் குறியுங்கள்: காட்டில் லைசாண்டரின் கண்ணில் விட்ட, பார்த்தவரைக் காதலிக்க வைக்கும் மாயச்சாற்றுக்கு மாற்று மருந்து கிடைக்கிறது, அதே சாறு விடப்பட்ட டிமெட்ரியஸுக்கு, அதாவது ஈஜியஸ் பார்த்த மாப்பிள்ளைக்கு, கிடைப்பதில்லை, அந்த மயக்கத்தோடேயே ஊருக்குப் போய்த் தாலி கட்டுகிற மாதிரிதான் அவன் கல்யாணம். ஆர்டனில் எல்லோரும் அரண்மனைக்குத் திரும்பத் தயாராகும்போது பிரபுவோடு காட்டில் இருந்த ஜேக்விஸ் மட்டும் நடனத்தில் கலந்துகொள்ளாமல், பிரபுவின் ஆட்சியைப் பறித்துக்கொண்டு இப்போது அதைத் துறந்துவிட்ட தம்பி பிரெடரிக்கைத் தேடிப் போகிறான்.