புது வேலையில் சேர்ந்த கையோடு இன்னொரு ஆஃபர் வந்தால்: முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

வேலையில் சேர்ந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். எப்போதோ போய்வந்த இன்டர்வியூவுக்கு இப்போது பதில் வரும், கூடுதல் சம்பளத்தோடு. "இவ்வளவு சீக்கிரம் விட்டுப் போவது சரியா?" என்ற கேள்வியில் ஆரம்பித்தால் வாரக்கணக்கில் தூக்கம் கெடும். முதலில் இரண்டு காகிதங்களைப் படியுங்கள், ஒரு கணக்கு போடுங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: ஆஃபர் எழுத்தில் இருக்கிறதா?

போனில் சொன்னது ஆஃபர் இல்லை. "வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்" என்று வந்த மின்னஞ்சலும் இல்லை. பதவி, சம்பளப் பிரிப்பு, வேலை செய்யும் இடம், சேரும் தேதி, இவை நான்கும் இருக்கிற, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்தான கடிதம்தான் ஆஃபர்.

அதிலும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். "பின்னணிச் சரிபார்ப்பு திருப்திகரமாக முடியும் பட்சத்தில்" என்று ஒரு வரி இருந்தால், அது முடிந்துவிட்டது என்று எழுத்தில் வரும்வரை ராஜினாமா செய்யாதீர்கள். சரிபார்ப்புப் படிவத்தில் "இப்போதைய நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளலாமா" என்று கேட்டிருந்தால் "இப்போது வேண்டாம்" என்று குறியுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே எழுதிச் சொல்லுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், நீங்கள் சொல்வதற்கு முன்பே விஷயம் உங்கள் மேலாளர் காதுக்குப் போய்விடும்.

படி 2: இப்போதைய ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். சேரும்போது கையெழுத்து போட்ட அந்தக் கோப்பைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்: நோட்டீஸ் காலம், ஜாயினிங் போனஸ், இடமாற்றச் செலவு, பயிற்சி ஒப்பந்தம் (பயிற்சி தந்ததற்காகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தது), போட்டி நிறுவனத்தில் சேரத் தடை.

நோட்டீஸ் காலம் தகுதிகாண் பருவத்தில் பெரும்பாலும் குறைவாக இருக்கும், பணி உறுதியானதும் கூடிவிடும். ஆகவே உறுதிக் கடிதம் எப்போது வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாயினிங் போனஸ் வாங்கியிருந்தால் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எத்தனை மாதத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும். 12 மாதம் என்பது பரவலாகக் காணப்படும் அளவு, 24 மாதமும் உண்டு.

இரண்டாவது, முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா. ஆண்டுச் சம்பளம் 100 என்றால் போனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். 12 மாத விதியில் 11 மாதம் முடித்துவிட்டுப் போகிறீர்கள். மாத விகிதப்படி என்றால் திருப்ப வேண்டியது 0.83. முழுத் தொகை என்று எழுதியிருந்தால் 10.

மூன்றாவது, தேதி எது. நீங்கள் கடைசியாக வேலை செய்யும் நாளா, ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாளா? "நோட்டீஸ் கொடுத்தாலோ" என்ற சொல் இருந்தால் ஓராண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு கடிதம் கொடுத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள், நோட்டீஸ் காலம் ஓராண்டைத் தாண்டிப் போனாலும்கூட.

நான்காவது, வரிக்கு முந்தைய தொகையா, பிந்தையதா. 10-க்கு 30 சதவீத வரி பிடித்து உங்கள் கைக்கு வந்தது 7. ஒப்பந்தம் "மொத்தத் தொகை" என்று சொன்னால் 10-ஐத் திருப்ப வேண்டும். அந்த 3-ஐ வரித் துறையிடமிருந்து மீட்பது தனி அலைச்சல், சில இடங்களில் முழுதாகக் கிடைக்கவும் கிடைக்காது.

போட்டி நிறுவனத் தடை செல்லுமா செல்லாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். புது நிறுவனம் உங்கள் இப்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளராகவோ நேரடிப் போட்டியாளராகவோ இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்காவது வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

படி 3: கணக்கு

நன்மை, தீமை என்று இரண்டு பத்தி போட்டு எழுதும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோமோ அந்தப் பத்திதான் நீளும். சம்பளக் கணிப்பான் தளங்களும் இதற்கு உதவாது, திருப்பித் தர வேண்டிய தொகை அவற்றுக்குத் தெரியாது. ஒரு எளிய எக்செல் தாள் போதும்: முதல் ஆண்டுக்கு ஒரு பத்தி, இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பத்தி.

இப்போதைய ஆண்டுச் சம்பளம் 100, முழுவதும் நிலையானது. புது ஆஃபர் 125. பார்த்ததும் 25 சதவீத உயர்வு. ஆனால் அந்த 125-இல் 20 சதவீதம், அதாவது 25, செயல்திறனைப் பொறுத்தது. நிலையான பகுதி 100 மட்டுமே. உறுதியான உயர்வு சுழியம்.

செயல்திறன் தொகையில் 60 சதவீதம் கிடைப்பதாக வைத்தால் கூடுதல் 15. இங்கிருந்து வெளியேறும் செலவு: ஜாயினிங் போனஸ் 10, நோட்டீஸ் காலத்தில் வேலை செய்யாமல் அதற்குப் பதில் பணம் கட்டினால் ஒரு மாதச் சம்பளம் 8.3. மொத்தம் 18.3. முதல் ஆண்டில் 3.3 நஷ்டம், இரண்டாம் ஆண்டிலிருந்துதான் 15 லாபம். அங்கே இரண்டு ஆண்டு தங்குவீர்களா என்பதே இப்போது கேள்வி.

நிறுவனப் பங்குகள் கொடுத்தால் முதல் ஆண்டுப் பத்தியில் சுழியம் என்றே போடுங்கள். நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தந்து, முதல் 12 மாதம் எதுவுமே கைக்கு வராத ஏற்பாடுதான் அதிகம்.

எண்ணில் அடங்காத ஒன்றும் உண்டு. புது இடத்தில் தகுதிகாண் பருவம் மறுபடி முதலிலிருந்து. விடுப்புச் சேமிப்பும் முதலிலிருந்துதான். பணிநீக்கத்துக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு குறிப்பிட்ட பணிக்காலத்துக்குப் பிறகே தொடங்கும் நாடுகளில் அந்தக் கடிகாரமும் திரும்ப ஒன்றிலிருந்து ஓடும்.

படி 4: சம்பளத்தைச் சமமாக்கிப் பாருங்கள்

இரண்டு இடத்திலும் ஒரே சம்பளம் என்றால் எங்கே போவீர்கள்? "இங்கேயே" என்றால் பிரச்சினை பணம் மட்டும்தான், படி 3 முடிவு சொல்லிவிடும். "அங்கே" என்றால் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி முழுக்க இங்குள்ள குறைகளாகவே இருந்தால் அங்குள்ள மேலாளரிடம் இன்னொரு முறை பேசுங்கள். கேட்க வேண்டியவை: இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எங்கே போனார், கடந்த இரண்டு ஆண்டு செயல்திறன் தொகை எத்தனை சதவீதம் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் தாளில் 60-ஐ 0 ஆக மாற்றுங்கள்.

படி 5: கேட்டு வாங்குங்கள்

போகலாம் என்று தோன்றினால், வெளியேறும் செலவான 18.3-ஐப் புது நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். வேறு எதற்கும் மசியாத எச்.ஆர். இதற்குச் சில நேரம் மசிவார்கள், இது ஒரு தடவைச் செலவு என்பதால். ஒப்புக்கொண்டால் அது ஆஃபர் கடிதத்திலேயே வர வேண்டும். ஆள்சேர்ப்பு முகவரின் வாட்ஸ்அப் செய்தி கணக்கில் வராது. அந்தத் தொகைக்கும் அங்கே ஒரு திருப்பித் தரும் விதி ஒட்டிக்கொண்டு வரும், அதையும் படி 2 போலவே படியுங்கள்.

படி 6: வரிசை மாறாமல் வெளியேறுவது

நிபந்தனையற்ற கடிதம், உங்கள் கையெழுத்து, சேரும் தேதி உறுதி, பிறகே ராஜினாமா. மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் ராஜினாமா செய்கிறேன் என்ற ஒரு வரியும் கடைசி நாளும் போதும், காரணம் எழுதத் தேவையில்லை. அலுவலகக் கணினி அணுகல் அன்றே நிறுத்தப்படலாம் என்பதால் சம்பளச் சீட்டுகள், ஒப்பந்தம், வரி ஆவணங்களை முன்னதாகவே சேமித்துவிடுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைத் தொடாதீர்கள்.

"இங்கேயே அதே சம்பளம் தருகிறோம்" என்றால்? சேர்ந்த சில மாதத்திலேயே ஆஃபரைக் காட்டிச் சம்பளம் உயர்த்திக்கொண்டவரைப் பற்றி மேலாளர் மனதில் ஒரு குறிப்பு விழுந்துவிடும். படி 4-இல் "இங்கேயே" என்று சொன்னவர்கள் மட்டும், அதுவும் எழுத்தில் தந்தால், ஏற்கலாம் என்பேன்.

பிற்சேர்க்கை

பணி விசா ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டிருந்தால் மேலே சொன்ன வரிசை போதாது. புது நிறுவனத்தின் பெயரில் அனுமதி கிடைக்கும் வரை ராஜினாமாவைத் தள்ளிப்போடுங்கள், சேரும் தேதியையும் அதற்கேற்ப நகர்த்தக் கேளுங்கள்.

ரெஸ்யூமில் இந்தச் சில மாத வேலையைப் போடாமல் விடலாமா என்றும் கேட்கிறார்கள். ரெஸ்யூமில் விடலாம். ஆனால் "எல்லாப் பணிகளையும் குறிப்பிடுக" என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் மறைத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் வரி அல்லது காப்பீட்டுப் பதிவு வழியாக வெளியே வந்துவிடலாம். ஆஃபர் ரத்தாவதற்கு அதுவே போதும்.