தோசைக்கல்லில் கறி சீஸ் சாண்ட்விச்

ஞாயிறு மதியம் மிஞ்சிய மட்டன் சுக்காவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் ராத்திரிக்கு அது சாண்ட்விச் ஆகிவிடும். கிரில் மெஷின் வேண்டாம், தோசைக்கல் போதும்.

எலும்பை எடுத்துவிட்டுக் கறியைப் பிய்த்துப் போட்டு, ஆவி பறக்கச் சூடாக்கி, ஈரம் சுண்டும்வரை வதக்குங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மசாலாவில் ஈரம் இருந்தால் பிரெட் சொதசொதத்துவிடும்.

பிரெட்டின் வெளிப்பக்கம் வெண்ணெய். உள்ளே துருவிய சீஸ், கறி, மறுபடி சீஸ். இரண்டு பக்கமும் சீஸ் உருகிப் பிடித்துக்கொள்வதால் கடிக்கும்போது கறி சிந்தாது. தீ சிறியதாகவே இருக்கட்டும், கூட்டினால் சீஸ் உருகுவதற்குள் பிரெட் கருகிவிடும். மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, அதன்மேல் குழவிக்கல். பக்கத்துக்கு 3 நிமிடம். சுக்காவின் மிளகுக் காரமே போதும், சாஸ் ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள்.