ப்ரூஃப் இருக்கிறதா? டர்பனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் 'ப்ரூஃப்'. சிம் கார்டு வாங்கப் போனால் முகவரிக்கு ப்ரூஃப். வங்கிக் கணக்கு திறக்கப் போனால் அதே ப்ரூஃப். யாருக்காவது பணம் அனுப்பினால் அனுப்பியதற்கு ப்ரூஃப். நம் ஊரில் ஆதார் எண்ணைச் சொல்லி, வந்த ஓ.டி.பி.யைத் தட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். இங்கேயும் எல்லாவற்றுக்கும் வெப்சைட் இருக்கிறது, ஆப் இருக்கிறது. ஆனால் அதற்குள் நுழைய முதலில் ஒரு காகிதம் வேண்டும்.

சிம்மைப் பதிவு செய்வதற்கு இங்கே 'ரிக்கா' என்று பெயர். அது ஒரு சட்டத்தின் பெயர்ச் சுருக்கம். இப்போது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. "சிம்மை ரிக்கா பண்ணியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். வங்கியில் இதே கதைக்குப் பெயர் 'ஃபிக்கா'. பாஸ்போர்ட், விசாவோடு பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று கேட்பார்கள். மின்சார பில், வாடகை ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட் ஏதாவது ஒன்று. வாடகை வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற நிலைமை.

இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் தெரிந்தவர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், "இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்" என்று அந்த வீட்டுக்காரர் ஓர் அஃபிடவிட் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கித் தரலாம். அவர் பெயரில் உள்ள பில் ஒன்றும் கூட வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் என்றதும் தயங்க வேண்டாம். பாஸ்போர்ட் நகலுக்குச் சான்று முத்திரை வாங்கவும் இந்த ஊரில் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், காசு கிடையாது. ஒரே தடவையில் ஐந்தாறு நகலுக்கு வாங்கி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு வாரத்துக்கு அந்த ஃபோல்டர்தான் உங்கள் உயிர்நாடி.

இந்திய நம்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம், அதனால் ரோமிங் போட்டு, குறைந்த தொகைக்காவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வெளிநாட்டு நம்பரில் யு.பி.ஐ. பயன்படுத்த 2023ல் முதலில் பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான கணக்கு) ஆக மாற்றும் வேலையையும் கையோடு முடித்துவிடுவது நல்லது.

சரி, பணத்துக்கு வருவோம். க்யூ.ஆர். கோடு இங்கே சில கடைகளில் உண்டு, ஆனால் நம் ஊர் டீக்கடை அளவுக்கு இல்லை. கார்டை மெஷினில் தட்டுவதுதான் வழக்கம். பெட்ரோல் பங்கில் மெஷினைக் காருக்கே கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஆள் அனுப்புவதற்கு ஈ.எஃப்.டி., அதாவது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆன்லைனில் அனுப்புவது. ஒரே வங்கி என்றால் உடனே போய்விடும். வேறு வங்கி என்றால் ஒன்று, இரண்டு வேலை நாள்கூட ஆகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியது திங்கள், செவ்வாயில் வந்து சேருவது இங்கே சாதாரணம். உடனே போக வேண்டும் என்றால் தனிக் கட்டணம் உண்டு. 2023 மார்ச்சில் 'பேஷாப்' என்று ஒன்று வந்தது: போன் நம்பரை வைத்தே சில நொடிகளில் அனுப்பலாம். அந்த 'ஷாப்' கடை இல்லை. 'ஷார்ப்' என்பதைத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள், 'சரி, ஆச்சு' என்று பொருள்.

ஈ.எஃப்.டி. மெதுவாக நகர்வதால்தான் 'பி.ஓ.பி.' என்ற பழக்கம் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பணம் அனுப்பியவர் தன் வங்கி ஆப்பிலிருந்து 'செலுத்தியதற்கான சான்று' என்று ஒரு பி.டி.எஃப். அனுப்புவார். டியூஷன் டீச்சர் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் "பி.ஓ.பி. அனுப்புங்க" என்பார்கள். நீங்கள் அனுப்பும்போது தாராளமாக அனுப்புங்கள். உங்களுக்கு வரும்போது மட்டும் அதை நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். வந்த இரண்டாவது வருடம், பழைய வாஷிங் மெஷின் ஒன்றை நெட்டில் விற்பனைக்குப் போட்டேன். மரியாதையாகப் பேசிய ஒருவர் பேரம்கூடப் பேசாமல் ஒப்புக்கொண்டார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பி.ஓ.பி. வந்தது. வங்கி முத்திரை, தேதி, என் கணக்கு எண் எல்லாம் கச்சிதம். அரை மணி நேரத்தில் ஒரு பக்கி வண்டி வந்து நின்றது (பிக்கப் வண்டியை இங்கே பக்கி என்பார்கள்). மெஷினைத் தூக்கி ஏற்ற நானே ஒரு கை கொடுத்தேன். பணம் இன்றுவரை வரவில்லை. அந்தக் காகிதத்தில் வங்கிக்கு உரியது முத்திரைப் படம் மட்டும்தான். இப்போதெல்லாம் என் வங்கி ஆப்பைத் திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பேன். யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகத் திறப்பேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து இமெயிலில் இருக்கிறது. 2019ல் ஒரு பெண்மணி வீடு வாங்கினார். வக்கீல் அலுவலகத்திலிருந்து வங்கி விவரத்தோடு வந்த இமெயிலை இடையில் யாரோ பிடித்து, கணக்கு எண்ணை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். 5.5 மில்லியன் ரேண்ட் திருடன் கணக்குக்குப் போய்விட்டது. 2023ல் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் வக்கீல் அலுவலகம்தான் பொறுப்பு என்றது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள அந்தப் பெண்மணிக்கே வழி இருந்தது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆகவே இமெயிலில் வரும் கணக்கு எண்ணுக்குப் பெரிய தொகை அனுப்பும் முன், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, எண்களை வாய்விட்டுப் படித்துக் கேளுங்கள். அதே இமெயிலில் இருக்கும் நம்பரில் கூப்பிட்டால் திருடனே எடுத்து "ஆமாம், சரிதான்" என்பான். வீட்டு டெபாசிட்டுக்கும் இதே விதி. நேரில் போய்ப் பார்க்காத வீட்டுக்கு, விளம்பரத்தில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள். முறையான வீட்டுக்காரர் உங்கள் டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டு, காலி செய்யும்போது வட்டியோடு தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இருந்தால், யாரோ உங்கள் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இனி பேச்சு வழக்கம். கடைக்காரர், பள்ளி, டாக்டர், தெருக் காவல் குழு, கோயில், எல்லோருமே வாட்ஸ்அப்பில்தான். 2021 ஜூலைக் கலவரத்தின்போதும் 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதும் எந்தச் சாலை திறந்திருக்கிறது, தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் தெருக் குழுக்களில்தான் முதலில் தெரிந்தது. அதனால் குடிபோன அன்றே பக்கத்து வீட்டு அங்கிளிடம் சொல்லிக் குழுவில் சேர்ந்துவிடுங்கள்.

எழுதும்போது எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகாதீர்கள். "குட் மார்னிங், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் "விலை என்ன?" என்று அனுப்பினால் மரியாதை தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வார்கள். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள தமிழர்களுக்குத் தமிழ் எழுத்தில் அனுப்பினால் பதில் வராது; கோபம் ஒன்றும் இல்லை. 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை அவர்கள். காவடி எடுப்பார்கள், புரட்டாசி முழுக்க இறைச்சி தொடமாட்டார்கள், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்திலேயே எழுதி, முன்னால் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள், முகம் மலரும்.

'ஜஸ்ட் நவ்' என்ற சொல்லை மட்டும் நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளம்பர் "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்று அனுப்பினார். லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் வந்தார், கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லாமல். இங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் 'பிறகு எப்போதாவது'. 'நவ் நவ்' என்றால் ஓரளவு சீக்கிரம். எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கினால்தான் நேரம் உறுதி.

அரட்டை வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். ஒப்பந்தம் என்று வந்தால் இமெயிலுக்கு மாறுங்கள், அதையும் கவனமாக எழுதுங்கள். 2014ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கார் கழுவும் கருவிகளை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தம். எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் ரத்து செய்யலாம் என்று அதில் இருந்தது. இரு தரப்பும் இமெயிலிலேயே பேசி ரத்து செய்தார்கள், பிறகு ஒருவர் "கையெழுத்து எங்கே?" என்றார். இமெயிலுக்கு அடியில் தட்டச்சு செய்த பெயரே கையெழுத்துதான் என்றது நீதிமன்றம். 2002ல் வந்த மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் அதற்கு ஆதாரம். அதே சட்டத்தில் நமக்கு உதவும் இன்னொன்றும் உண்டு: ஆன்லைனில் கடையிலிருந்து வாங்கிய பெரும்பாலான பொருளை, கையில் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அன்றாடம் வீட்டுக்கு வரும் காய்கறி, மளிகைக்கு இது பொருந்தாது.

வந்த கொஞ்ச நாளில் பலருக்கும் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று தோன்றும். இட்லி மாவு, ரவிக்கை தையல், ஆன்லைன் டியூஷன். வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக் போட்டால் கடை தயார். கம்பெனிப் பதிவைக்கூட ஆன்லைனில் வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆனால் கம்பெனி பதிவாகிவிட்டதால் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. கணவரோடு அல்லது மனைவியோடு சேர்ந்து வந்த விசாவில் என்ன அனுமதி எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். மாவு அரைப்பது அப்புறம்.

வீட்டுக்கு ஃபைபர் போடுவதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். தெருவில் கேபிள் பதித்த நிறுவனம் ஒன்று, உங்களுக்கு இன்டர்நெட் விற்று பில் அனுப்பும் நிறுவனம் வேறொன்று. உங்கள் தெருவில் யாருடைய கேபிள் என்று முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்மேல் சேவை தருபவர்களில் மாதாமாதம் நிறுத்தக்கூடிய திட்டம் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். புகார் செய்ய வேண்டியது பில் அனுப்புபவரிடம்தான்.

நீங்கள் ஆண்டின் கடைசியில் வருகிறீர்கள் என்றால் ஒரு சங்கதி. டிசம்பர் 16 பொது விடுமுறை. அதை ஒட்டியே கட்டட வேலைக்காரர்கள், வக்கீல்கள், பல அலுவலகங்கள் கடையைக் கட்டிவிட்டு ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் திரும்புவார்கள். இமெயில் போட்டால் "விடுமுறையில் இருக்கிறேன்" என்று தானாக ஒரு பதில் வரும், அவ்வளவுதான். ஃபைபர், வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.