காலை சஃபாரியில் விலங்குகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் காலை சஃபாரியின் முதல் ஒரு மணி நேரத்தைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். இரவெல்லாம் அலைந்த சிங்கம் நிழல் தேடி நடப்பது அப்போதுதான். வெயில் ஏறிப் புதருக்குள் படுத்துவிட்டால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்த வண்டியிலேயே போகலாம். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கி.மீ. என்பது வேக வரம்பு. தேடிக்கொண்டு போகிறவருக்கு 20 போதும்.

முழு விலங்கைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. காதின் அசைப்பு, வால் நுனி, நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் தெரியும் ஒரு முதுகு, இவற்றைத் தேடுங்கள். புதரின் மேல் பார்வையை நிறுத்தாமல் இலை இடுக்கு வழியாக அதற்குப் பின்னால் பாருங்கள். வலமிருந்து இடமாகப் பார்த்துப் பழகுங்கள். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் அந்தத் திசையில் வேகமாக ஓடிவிடும். சிறுத்தைக்குப் பெரிய மரங்களின் கிடைக்கிளைகள், சிவிங்கிப்புலிக்குக் (சீட்டா) கரையான் புற்றின் உச்சி. பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) நல்லது. பத்து மடங்கு என்றால் வண்டியில் ஆட்டம் தாங்காது.

கண்ணைவிடப் பெரிய உதவி மற்ற விலங்குகள்தான். இம்பாலா மான் கூட்டம் மேய்ச்சலை நிறுத்தி, எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பி, மூக்கால் 'புஸ்' என்று சீறினால் எஞ்சினை அணைத்துவிட்டு அந்தத் திசையைத் துழாவுங்கள். ஒற்றை மான் மட்டும் பார்த்தால் அது உங்கள் வண்டியைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கிடா இம்பாலா இணைக்காக உறுமும். புதிதாக வருபவர்கள் சிங்கம் என்று ஏமாறுவது அந்தச் சத்தத்தில்தான். ஒட்டகச்சிவிங்கி ஒரே இடத்தை விடாமல் முறைத்தால் நம்பலாம், அதற்கு உயரம் இருக்கிறது. பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) விஷயத்தில் கவனம் வேண்டும். அதிகாலையில் மரத்தில் உட்கார்ந்திருப்பவை இரவு தங்கியவையாகவும் இருக்கலாம், காற்று சூடாகும்வரை அவை கிளம்பாது. பல கழுகுகள் கீழேயே பார்த்துக்கொண்டு இறங்காமல் இருந்தால், இரைமேல் வேட்டை விலங்கு இன்னும் இருக்கலாம்.

மண்சாலையில் தடமும் பாருங்கள். டயர் தடத்தின் மேல் பதிந்திருந்தால் அந்த வண்டிக்குப் பிறகு நடந்தது. நகக்குறி இல்லையென்றால் சிங்கமோ சிறுத்தையோ; கழுதைப்புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் நகம் பதியும்.

கண்டதும் எழுந்து நிற்காதீர்கள். திறந்த ஜீப்பை ஒரே உருவமாகப் பார்த்துப் பழகிய சிங்கம், அந்த வடிவம் கலைந்தால் மிரளும். ஆண் யானையின் நெற்றிப்பொட்டோரம் மதநீர் வழிந்து, பின்னங்கால்களும் மூத்திரத்தில் நனைந்திருந்தால் படம் எடுப்பதை மறந்துவிட்டு, அது வரும் வழியை விட்டு வண்டியைப் பின்னோக்கி எடுங்கள்.